லிபர்ட்டி பக்கிள்: சுத்தியல் தடம் நிஜமா?

தேம்ஸ்கரை:
லண்டனில் பழைய சாமான் சந்தையில் ஒரு வெள்ளி பெல்ட் பக்கிள் வாங்கினேன். நடுவில் நீலமும் பச்சையும் கலந்த எனாமல். ஓரத்தில் அரிசி அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. பின்பக்கம் நங்கூரம், சிங்கம், 'எல் அண்ட் கோ' முத்திரைகள். மேலெல்லாம் சுத்தியல் தடம். முழுக்கக் கைவேலை என்றார் விற்றவர். நம்பலாமா? எனாமலை மறுபடி சூளையில் வைத்துச் சரிசெய்ய முடியுமா?

பழஞ்சாமான்:
நங்கூரம் பர்மிங்காம் முத்திரை, சிங்கம் 92.5 சதவீத வெள்ளி. 'எல் அண்ட் கோ' லண்டனின் லிபர்ட்டி கடை. 1899இல் வந்த அவர்களுடைய 'கிம்ரிக்' வெள்ளிச் சாமான் வரிசையாக இருக்கலாம்.

சூளைக்காரி:
எனாமல் வேலைதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முழுக்கக் கைவேலை என்பது வியாபாரப் பேச்சு. கிம்ரிக் சாமான்களில் பெரும்பகுதி பர்மிங்காமில் ஹேஸ்லர் நிறுவனம் செய்தது. டையில், அதாவது வடிவம் வெட்டிய உலோக அச்சில், அடித்துவிட்டுக் கைவேலை மாதிரி தெரியச் சுத்தியல் தடம் கொடுப்பது அங்கே சகஜம்.

ஆனால் எனாமலைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடித் தூளைக் கழுவி, ஈரத்தோடு குழியில் நிரப்பி, காயவைத்து, 800 டிகிரி வாக்கில் சுட வேண்டும். சுட்டால் அமுங்கும், மறுபடி நிரப்பிச் சுட வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. நீலமும் பச்சையும் வெள்ளிமேல் நேராகவே பளிச்சென்று வரும். சிவப்புதான் படுத்தும், வெள்ளி பட்டாலே நிறம் கெடும். அடியில் நிறமற்ற பூச்சு ஒன்று வேண்டும்.

அசல் கைவேலை வேண்டுமானால் சி. ஆர். ஆஷ்பீ என்ற வடிவமைப்பாளரின் கைவினைஞர் சங்கம் செய்த சாமான்களைத் தேடுங்கள். 1888இல் கிழக்கு லண்டனில் தொடங்கி, 1902இல் குடும்பம் குடும்பமாக சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்குப் போனார்கள். மலிவான லிபர்ட்டி சரக்கோடு போட்டிபோட முடியாததும் சேர்ந்து 1908இல் அதை மூடவைத்தது. நம் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி அந்தப் பக்கம் குடியிருந்த வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவரும் இதே ஆஷ்பீதான்.

சூளையில் மட்டும் வைக்காதீர்கள். பின்னால் கொக்கி பற்றவைத்த இடம் இளகலாம், மிச்ச எனாமலும் வெடிக்கும். பழம்பொருள் சீரமைப்பவரிடம் கொடுத்தால் நிறம் சேர்த்த ரெசினால் நிரப்புவார்.

தேம்ஸ்கரை:
அப்போ டையில் அடித்தது என்றால் மதிப்புக் குறைவா?

சூளைக்காரி:
அப்படியில்லை. லிபர்ட்டியின் வடிவமைப்பாளர் ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் வரைந்த வடிவமென்றால் டையில் அடித்ததற்கும் நல்ல விலை உண்டு. லிபர்ட்டி வடிவமைப்பாளர் பெயரைப் போடாது, அதனால் முத்திரையை வைத்து நாக்ஸ் என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள்.