டவுன் கேஸ் தீ பலமில்லையா? பிடிஓ வீட்டில் சிலிண்டர் அடுப்பை மாட்டலாமா?

தேக்கா_கடாய்:
சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுக்கு, அதாவது அரசு கட்டித்தர்ற புது அடுக்குமாடி வீட்டுக்கு, போறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வீட்டில் குழாய்வழி டவுன் கேஸ், கையில் நல்ல நிலையில் இருக்கிற சிலிண்டர் அடுப்பு. என் பதில்: நாஸிலை (வாயு பீறிட்டு வர்ற சின்னத் துளைமுனையை) மாத்துங்க, வேலை முடிஞ்சுது. ஆனா டவுன் கேஸில் சூடு குறைவு. ஒரு கன மீட்டர் சிலிண்டர் வாயு தர்ற வெப்பத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அதில் இருக்கு. தோசைக்கல், பிரியாணி அண்டா புழங்குற வீட்டுக்குச் சிலிண்டரே மேல்.

நீலச்சுடர்:
அண்ணே, ஆறில் ஒரு பங்கு என்பது சரி. அதிலிருந்து நீங்க எடுத்த முடிவுதான் தப்பு. டவுன் கேஸில் பெரும்பங்கு ஹைட்ரஜன், அதோடு மீத்தேன், கரியமில வாயு, கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. செனோக்கோ ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கிறாங்க. முன்னாடி டவுன் கேஸ் தயாரிச்சுவந்த காலாங் ஆலையை 1998ல் மூடிட்டாங்க. வாயு மெலிசா இருந்தா அதிகமா விடணும், அவ்வளவுதான். அதுக்காகத்தான் டவுன் கேஸ் அடுப்பில் நாஸில் துளை பெரிசா இருக்கு. அடுப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் 4 கிலோவாட்னு போட்டிருந்தா, எந்த வாயுவுக்குன்னு செஞ்ச அடுப்பா இருந்தாலும் அது 4 கிலோவாட்தான்.

தேக்கா_கடாய்:
அப்போ நான் சொன்னதுதானே? துளையைப் பெரிசாக்கினா போதும்!

நீலச்சுடர்:
எவ்வளவு பெரிசுன்னு பார்ப்போம். சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து வாயு 3 கிலோபாஸ்கலை ஒட்டிய அழுத்தத்தில் வருது. டவுன் கேஸ் குழாயில் 1 கிலோபாஸ்கல் அளவுதான். வெப்பம், அடர்த்தி, அழுத்தம் மூணையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, அதே தீக்குத் துளையின் பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் வேணும். 0.9 மி.மீ. துளை இருந்த இடத்தில் 2 மி.மீ.க்கு மேல். நாஸிலை மாத்தாம குழாயில் மாட்டினா தீ ஐந்தில் ஒரு பங்கா வத்திப்போகும். டவுன் கேஸ் அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினா நேரெதிர்: ஐந்து மடங்கு வாயு பீறிடும், மஞ்சள் தீ நெட்டையா எழும்பும், பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். இது ஆபத்து.

சரி, 2 மி.மீ. நாஸிலே போட்டாச்சுன்னு வைங்க. அப்பவும் பர்னர் ஒத்துழைக்காது. புரோப்பேன், மீத்தேன் தீ வினாடிக்கு 40 செ.மீ. வேகத்தில் காத்தும் வாயுவும் சேர்ந்த கலவைக்குள் பரவும். ஹைட்ரஜன் தீ 2 மீட்டரைத் தாண்டும். பர்னர் துளையில் வாயு வெளியேறுற வேகம் தீயின் வேகத்தைவிடக் குறைஞ்சா, தீ உள்ளே இறங்கும். சிம்மில் வைக்கும்போது ‘பட்’னு ஒரு சத்தம், அப்புறம் விடாத ‘உஸ்ஸ்’. மேலே தீயைக் காணோம், ஆனா திருகு சுடுது. அப்படின்னா தீ நாஸில் வாயிலேயே எரியுதுன்னு அர்த்தம். கலவைக்குழாய் (வாயுவும் காத்தும் கலக்கிற குழாய்) பழுக்கும், அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். காத்துக் கணக்கும் வேற: ஒரு பங்கு புரோப்பேன் எரிய 24 பங்கு காத்து வேணும், ஹைட்ரஜனுக்கு 2.4 பங்கு போதும். அதனால பர்னர் தலை, கலவைக்குழாய், நாஸில் மூணும் ஒரே வாயுவுக்குன்னு செஞ்சதா இருக்கணும். தயாரிப்பாளரே மாற்று உதிரித்தொகுதி விற்கிற மாடல்னா யோசிக்கலாம். அதையும் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் மாட்டணும்.

சிம்_தீ:
இடையில் ஒரு கேள்வி. நீலத்தில் ஆரஞ்சு கீற்று வந்தாலும் நாஸில் கோளாறுதானா?

நீலச்சுடர்:
இல்ல. கீற்று கீற்றா வந்து போற ஆரஞ்சு, பொங்கி வழிஞ்ச உப்புத்தண்ணியின் சோடியம். சிலசமயம் காத்தில் பறக்கிற தூசி; ஈரப்பதமூட்டி ஓடினாலும் வரும். பர்னர் தலையைக் கழுவி, நல்லா காயவச்சு மாட்டுங்க. தீயின் நுனி நிலையா மஞ்சளா நின்னு, பாத்திரத்தில் கரி படிஞ்சாத்தான் காத்து குறைவு. இன்னொன்னு, டவுன் கேஸில் குளிர்ந்த பாத்திரம் வச்சதும் அடியில் முத்து முத்தா வேர்க்கும். ஓட்டைன்னு பயப்படாதீங்க, ஹைட்ரஜன் எரிஞ்சு வர்ற நீராவி அது.

காந்த_அடுப்பு:
இவ்வளவு தலைவலி எதுக்கு? இண்டக்ஷன் வாங்குங்க. ஒரு லிட்டர் தண்ணியை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 0.084 யூனிட் வெப்பம் வேணும். கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் காத்தோட போயிடும்; இண்டக்ஷனில் பெரும்பகுதி பாத்திரத்துக்குள்ளேயே இறங்கும்.

தேக்கா_கடாய்:
தண்ணிக்குச் சரிதான் தம்பி. 30 செ.மீ. தோசைக்கல்லை இண்டக்ஷனின் 20 செ.மீ. சுருள் மேல வச்சுப் பாருங்க. நடுவில் கருகும், ஓரம் வேகாது. குழிக்கடாய் அதில் உட்காரவே உட்காராது. 13 ஆம்பியர் பிளக்கில் மொத்தமே 3 கிலோவாட்தான். அதுக்கு மேல வேணும்னா தனி வயரிங். போகட்டும். நீலச்சுடர், பாதுகாப்புக்கு என்ன சொல்றீங்க? சிலிண்டர் வாயுவில் கார்பன் மோனாக்சைடு கிடையாதே.

நீலச்சுடர்:
அது உண்மை. எரியாத டவுன் கேஸே விஷம், அதை மறுக்கல. ஆனா அது காத்தைவிட லேசு, மேலே ஏறி ஜன்னல் வழியா போயிடும். சிலிண்டர் வாயு காத்தைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம். கேபினட்டுக்குள்ள, தரையோரமா தேங்கும். காத்தில் 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். 20 கன மீட்டர் சமையலறைக்கு ஒரு கிலோகூட வேண்டாம். சிலிண்டரில் இருக்கிறதோ 12.7 கிலோ. வாசனை வந்தா விசிறி சுவிட்சைத் தொடாதீங்க, வால்வை மூடிட்டு ஜன்னலைத் திறங்க. ரப்பர் குழாய் 2 வருஷம், ரெகுலேட்டர் 5 வருஷம், அதுக்கு மேல வேண்டாம். கேஸ் அடுப்பும் ரெகுலேட்டரும் வாங்கும்போது பாதுகாப்புக் குறி இருக்கான்னு பாருங்க. இணைப்பில் சோப்புநுரை தடவி, குமிழி வருதான்னு ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. தீக்குச்சி வேணவே வேணாம்.

தேக்கா_கடாய்:
நாஸில் பேச்சை வாபஸ் வாங்கிட்டேன். அண்டா பேச்சை வாங்கல. வீட்டு அடுப்பில் பெரும்பாலும் 4, 5 கிலோவாட் பர்னர்தான். 10 கிலோ அரிசி பிரியாணிக்கு அது காணாது.

நீலச்சுடர்:
காணாதுதான். சிலிண்டர் அடுப்பா இருந்தாலும் அதே 4, 5 கிலோவாட்தானே அண்ணே!