பாக்ஸிங்கை எம்.எம்.ஏ. முந்திடுச்சா? நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

வடசென்னை இடதுகை:
எங்க தெருப் பசங்க ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடை வரிசைல நிக்கும்போதே போன்ல யூ.எஃப்.சி. பாக்குறாங்க. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைதான் எம்.எம்.ஏ.; அதை நடத்துற பெரிய அமெரிக்க கம்பெனிதான் யூ.எஃப்.சி. அமெரிக்காவுல சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு இட்லி வேகுற நேரத்துக்கு வந்துடுது. பாக்ஸிங் எப்ப வருதுன்னு அவங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாது.

நான் பாக்ஸிங் பழகினவன். ஸ்டேட் வரைக்கும் போய் முதல் ரவுண்டுலயே தோத்தவன், அது வேற விஷயம். 1980-ல முகமது அலி மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்துல இன்னொரு பாக்ஸர் ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடின கதையை எங்க மாஸ்டர் சொல்லாத நாள் கிடையாது. அந்தக் கதை கேட்டு வளந்த திமிர் எனக்கும் உண்டு.

2023 தீபாவளி சமயம், மச்சான் ஒரு எம்.எம்.ஏ. ஜிம்முக்கு இழுத்துட்டுப் போனான். எதிர்ல நின்னது காலேஜ் பையன், என்னைவிடப் பத்து கிலோ கம்மி. நான் இடதுகைக்காரன், அதனால வலதுகால் முன்னாடி, வெயிட் பூரா அதுமேல. முதல் ரெண்டு ஜாபும், அதான் முன்கைக் குத்து, அவன் மூக்குலதான் விழுந்துச்சு. அடுத்து என் கெண்டைக்கால்ல ஒரு உதை விட்டான். பெருசா வலிக்கல, ஆனா காலே அங்க இல்லாத மாதிரி ஆயிடுச்சு. பழக்க தோஷம், தலையைக் குனிஞ்சு உள்ள புகுந்தேன். கால் முட்டியை என் முகத்துக்கு நேரா தூக்கி நிறுத்திட்டான். இடிக்கல, புண்ணியவான். அப்புறம் இடுப்பைக் கட்டினதுதான் தெரியும். மேட்ல மல்லாந்து ஃபேன் சுத்துறதைப் பார்த்துட்டுக் கிடந்தேன்.

இன்னொண்ணு சொல்லணும். அந்த ஜிம்முல கை அடி சொல்லிக்குடுக்கறது யாருன்னு பார்த்தா எங்க கிளப் சீனியர்! போர்டுல எம்.எம்.ஏ., உள்ள பாதி நேரம் ஜாப், கிராஸ், ஹுக்தான். "கிளப்புல எனக்கு யார்டா மாசச் சம்பளம் குடுத்தா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

கே.எல். பையன்:
மலேசியாவுல கதை வேற லா. 2017 மே மாசம் நாங்க நாலு பேரு ராத்திரி பஸ் புடிச்சு சிங்கப்பூர் போனோம். நம்ப அகிலன் தானி, பென் ஆஸ்க்ரென்கிட்ட வெல்டர்வெயிட் எடைப் பிரிவு பெல்ட்டுக்கு மோதுறாரு; ஒன் சாம்பியன்ஷிப்ன்னு ஆசியாவுல எம்.எம்.ஏ. நடத்துற கம்பெனியோட பெல்ட்டு. உடம்பு எடையக் குறைக்க ஜிம்முக்குப் போன தமிழ்ப் பையன், டைட்டில் சண்டை வரைக்கும் வந்துட்டாரு. முதல் ரவுண்டுலயே ஆஸ்க்ரென் கழுத்தப் பூட்டி முடிச்சிட்டாரு. திரும்பி வர்ற பஸ்ல யாரும் பேசல. ஆனா அடுத்த வாரமே எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, ரெண்டு பையனுங்க ஜிம்முல சேர்ந்துட்டாங்க. இங்க நடக்கிற பாக்ஸிங் சண்டைக்கு அப்படி பஸ் ஏறிப் போன ஒரு ஆள நான் பார்த்ததில்ல.

வெம்பிளி அண்ணை:
தம்பிமார், அவசரப்படாதேங்கோ. 2017 ஏப்ரல் 29, வெம்பிளி ஸ்டேடியத்தில ஜோஷுவா – கிளிச்கோ ஹெவிவெயிட் பாக்ஸிங் சண்டை. நான் அப்ப ஈலிங் றோட்டில கடையொண்டில வேலை. இரவுக்கெண்டு சுட்டு வைச்ச மட்டன் ரோல்ஸ் பின்னேரமே முடிஞ்சுது. பிறகு வந்த சனத்துக்கு வெறும் தேத்தண்ணிதான். ஸ்டேடியத்துக்குள்ள 90 ஆயிரம் பேர். 11-ஆம் ரவுண்டில ஜோஷுவா கிளிச்கோவை நிப்பாட்டேக்க நான் கடைக்குள்ள பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தனான். முதலாளி ரேடியோவைக் கூட்டி வைச்சவர். யூ.எஃப்.சி. லண்டனுக்கு வந்தா ஓ2 அரங்குதான். அது நிரம்பினாலும் அண்டைக்கு வந்த சனத்தில கால்வாசி கூட வராது. போனில பாக்கிற கூட்டத்தை மட்டும் வைச்சுக் கணக்குப் போடாதேங்கோ.

கோவை அம்மா:
என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசுங்க. 2024 ஜூன்ல பூஜா தோமர் யூ.எஃப்.சி.ல ஜெயிச்சாங்கல்ல, அந்த மேடைல ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணு, அன்னைல இருந்து எனக்கும் அதுதான் வேணும்ன்னு ஒரே ரகளை. நான் பாக்ஸிங்ல சேர்த்துவிட்டேன். காரணம் சாதாரணமானதுதானுங்க. ஒரு ஸ்டேட் மெடல் சர்டிஃபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட் கேக்கலாம். ரயில்வே, போலீஸ்ன்னு பின்னாடி ஒரு வழி இருக்கு. ஒலிம்பிக்ல மேரி கோம், லவ்லினான்னு கைகாட்ட ஆள் இருக்காங்க. எம்.எம்.ஏ. ஒலிம்பிக்லயே இல்லைங்களே? இப்ப வாரநாள்ல பாக்ஸிங், ஞாயிறு மட்டும் எங்கயோ போய் உருண்டு பிரண்டுட்டு வர்றா. பாக்ஸிங் சாருக்குத் தெரியாது, யாரும் சொல்லிடாதீங்க.

வடசென்னை இடதுகை:
அம்மா சொன்னதுதான் எங்க ஏரியாவுலயும். வேலைக்கு பாக்ஸிங், வேடிக்கைக்கு எம்.எம்.ஏ. வெம்பிளி அண்ணே, கூட்டக் கணக்கு உங்களுக்கே. 2017-ல யூ.எஃப்.சி. ஸ்டார் மெக்ரெகர்கூட பெரிய பணத்துக்கு பாக்ஸர் மேவெதரைத் தேடி பாக்ஸிங் ரிங்குக்குள்ளதானே வந்தார்? பத்தாவது ரவுண்டுல மெக்ரெகர் தோத்துட்டார்னு சண்டையை நிறுத்துனாங்க.

மாஸ்டர் கதை ஒண்ணு பாக்கி. 2023 அக்டோபர்ல யூ.எஃப்.சி. முன்னாள் சாம்பியன் எங்கானு, ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன் டைசன் ஃப்யூரியை மூணாவது ரவுண்டுல கீழ தள்ளினப்ப அவர் வீட்லதான் இருந்தேன். பாக்ஸிங் ரிங்குல எங்கானுவுக்கு அதுதான் முதல் சண்டை. தீர்ப்பு ஃப்யூரிக்குத்தான் போச்சு, ஆனாலும் மாஸ்டர் எழுந்து உள்ள போயிட்டார், காப்பி கூட குடிக்கல. அப்புறம் 2024 மார்ச்ல ஒருநாள் விடிய அஞ்சு மணிக்கு அவர் போன். நாம கூப்பிட்டாலே எடுக்காத மனுஷன். யாருக்கு என்னாச்சோன்னு பதறி எடுத்தேன்.

"பார்த்தியாடா? ஜோஷுவா ரெண்டே ரவுண்டு. எங்கானுவைத் தூங்க வச்சிட்டான்."

கண்ணைக் கசக்கிட்டு "சரி மாஸ்டர்"னேன். வச்சிடுவார்னு பார்த்தா, வைக்கல.

"உன் கெண்டைக்கால் எப்படி இருக்கு?"