வேறு சமூகப் பாடசாலையில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும்: ஆசிரியரின் அடையாளம் எந்த வழியால் உள்ளே வருகிறது?

எழுவான்கரை (கேள்வி):

இங்கே கிழக்கிலங்கையில் கல்வியியற் கல்லூரி முடித்த தமிழ் ஆசிரியருக்கு அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் பாடசாலை கிடைக்கிறது. முஸ்லிம் ஆசிரியர் மட்டக்களப்பில் தமிழ்ப் பாடசாலைக்குப் போகிறார். "நடுநிலையாக இருங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிசகுவது எந்த இடத்தில் என்று காட்டுவார் இல்லை. தரம் 10, 11 வரலாற்றையும் குடியுரிமைக் கல்வியையும் மனதில் வைத்துக் கேட்கிறேன். ஆசிரியரின் இனம், சமயம், ஊர் எல்லாம் பாடத்துக்குள் எப்படி நுழைகின்றன? முன்கூட்டியே பிடிக்க ஏதும் முறை உண்டா? "எல்லாரையும் மதியுங்கள்" என்ற பதில் வேண்டாம், அது தெரிந்ததுதான்.

படுவான்கரை:

கருத்தாக நுழைவது குறைவு. வாயை அடக்க எல்லாருக்கும் தெரியும். அதிகம் நுழைவது நேரமாக. தேசிய மறுமலர்ச்சிப் பாடத்தை எடுங்கள். பௌத்தரில் அநகாரிக தர்மபாலர், சைவரில் ஆறுமுக நாவலர், முஸ்லிம்களில் சித்தி லெப்பை மூவரும் ஒரே பாடத்தில் வருகிறார்கள். 40 நிமிடப் பாடவேளையில் சைவ ஆசிரியர் நாவலருக்கு 15 நிமிடம் கொடுப்பார், சித்தி லெப்பை மணி அடிக்கும் நேரத்துக்கு இரண்டு வரியில் முடிவார். முஸ்லிம் ஆசிரியரிடம் இதுவே தலைகீழ். தர்மபாலரை இரண்டு பேருமே பாடநூலில் இருந்து வாசித்துவிட்டுப் போவார்கள். ஒருவரும் தப்பாக ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் யார் முக்கியம் என்று பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டது.

பிடிக்கும் வழி எளிது. கைப்பேசியை மேசையில் வைத்து ஒரு முழுப் பாடவேளையை ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டுக்கொண்டே தாளில் மூன்று நிரல் போடுங்கள்: எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம், உதாரணம் எந்த ஊரில் இருந்து வந்தது, "நாங்க", "அவங்க" எத்தனை தரம் வந்தன. தவணைக்கு இரண்டு பாடவேளை போதும். பிள்ளைகளின் வீட்டு விஷயம் பேச்சில் வந்திருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

அந்த மூன்றாவது நிரல்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். எழுத்தில் நாம் வேறு, நாங்கள் வேறு. வகுப்புப் பேச்சில் "நாங்க" ஒன்றே இரண்டுக்கும் ஓடுகிறது. "நாங்க 1956இல சிங்களச் சட்டத்தை எதிர்த்தம்" என்று தமிழ் ஆசிரியர் முஸ்லிம் வகுப்பில் சொன்னால், தானும் அந்த நாங்கவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைக்குத் தெரியாது. பாடக்குறிப்பிலேயே எழுவாயைப் பெயராக எழுதிவையுங்கள்: தமிழரசுக் கட்சி எதிர்த்தது, இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன.

குரலும் ஒன்று. 1978 அரசியல் யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரையை ஒரு நமட்டுச் சிரிப்போடு வாசித்துவிட்டுப் போவது நம் இரு சமூகத்து ஆசிரியர்களுக்கும் பழக்கம். பாடம் எழுத மறக்கிற பிள்ளை அந்தச் சிரிப்பை மறக்காது. 9, 10 (சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரம்), 14 (பேச்சு, ஒன்றுகூடல் போன்ற சுதந்திரங்கள்) மூன்றையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதில் அரசின் கடமை, எதில் தனியாளின் உரிமை என்று பிரிக்கச் சொன்னால் சிரிப்புக்கு இடமிருக்காது.

கரைவாகு:

படுவான்கரை சேர் சொன்னதோடு உடன்பாடு. நேரமும் சொல்லும் சரியாக வந்தபிறகும் சறுக்குகிற பாடம் ஒன்று உண்டு, ஆற்றை மறித்து நீர்ப்பாசனமும் குடியேற்றமும் செய்த கல்லோயாத் திட்டம். சிங்கள ஆசிரியருக்கு அது அபிவிருத்தி, தமிழ் ஆசிரியருக்குக் குடியேற்றம், முஸ்லிம் ஆசிரியருக்குக் கைவிட்டுப்போன வயற்காணி. மூன்றும் நடந்தவைதான், ஒன்றை மட்டும் சொன்னால்தான் பிழை.

பெயரில் தொடங்குங்கள். பாடநூலில் கல்லோயா, வழக்கில் பட்டிப்பளை ஆறு. இரண்டையும் எழுதி, பரீட்சைக்கு முதலாவது என்று அடிக்கோடிடுங்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்குப் பட்டிப்பளை என்றால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிரதேச செயலகம்தான் ஞாபகம் வரும், அதனால் படத்தில் அணை இருக்கும் இங்கினியாகலையைத் தொட்டுக் காட்டாமல் நகர வேண்டாம். பிறகு காலக்கோடு: 1949இல் அபிவிருத்திச் சபை, 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த வன்முறை, 1961இல் அம்பாறை தனி மாவட்டம். இவ்வளவுக்கும் பத்து நிமிடம்.

அடுத்து நான்கு குழு. இங்கேதான் கவனம். "நீங்க முஸ்லிம் பக்கம், நீங்க சிங்களப் பக்கம்" என்று பிரித்தால் பட்டிமன்றமாகி, கடைசியில் கைதட்டு எந்தப் பக்கம் என்பதில் வந்து நிற்கும். நம் பாடசாலைகளில் பெரும்பாலான வகுப்புகள் ஒரே சமூகத்துப் பிள்ளைகள். அங்கே இல்லாத பக்கத்துக்காக ஆசிரியரே பேசப்போய், அந்தச் சமூகத்தின் வக்கீலாக நின்றுவிடுவார். குழுவை இருக்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள்: வாய்க்காலின் தலைப்பகுதி விவசாயி, வால்பகுதி விவசாயி, திட்டத்துக்கு முன்பே அங்கே பயிர் செய்தவர், சபை உத்தியோகத்தர். "உங்களுக்குத் தண்ணீர் எப்போது வரும், யாரிடம் முறையிடுவீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும். 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால் புனரமைக்கப்பட்டபோது தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகளும் வால்பகுதித் தமிழ் பேசும் விவசாயிகளும் அமைப்பாகச் சேர்ந்து நீர்ப்பங்கீடு பேசினார்கள். அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். முதலிலேயே சொன்னால் 1956ஐ மூடிமறைக்கும் சமாதானப் பாடமாகிவிடும்.

ஒரு பிள்ளையைப் பார்த்து "உங்கட ஆக்கள் இதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். 15 வயதுப் பிள்ளை ஒரு சமூகத்துக்குப் பேச்சாளர் இல்லை.

புளியந்தீவு:

எல்லாரும் தமிழர், முஸ்லிம் என்றே பேசுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கு வரும் ஆசிரியரும் ஓர் அடையாளத்தோடுதான் வருகிறார். தனியாள் சட்டங்கள் வரும் பாடத்தில் "தமிழருக்குத் தேசவழமை" என்று சொல்லிவிடுவார். தவறு. அது வடமாகாணத் தமிழருக்கு உரியது, மட்டக்களப்புத் தமிழரைக் கட்டாது. இங்கிருந்த முக்குவர் வழமைச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது இங்கே வழமை, சட்டம் இல்லை. அதுவும் தாய்வழிக் குடியும் கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் சேர்ந்தே இருக்கின்றன. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் தெரிவும் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் தெரிவும் குடியை வைத்து எப்படி நடந்தன என்று இரண்டு நிரலில் எழுதச் சொல்லுங்கள், குடியுரிமைக் கல்விக்கு இதைவிட நல்ல உள்ளூர் உதாரணம் இல்லை. சாதிப் பேச்சுக்கு இழுபடும் என்றால் குடிப்பெயரைக் கேட்காமல் தெரிவு முறையை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, குடிசன மதிப்பீட்டு அட்டவணை. அதில் இனம் ஒரு நிரல், சமயம் இன்னொரு நிரல். "இலங்கைச் சோனகர்" இன நிரலில், "இஸ்லாம்" சமய நிரலில். மலாயரும் முஸ்லிம்கள்தான். ஆசிரியர் "முஸ்லிம்" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கலந்தால் பிள்ளையின் விடையும் பிழைக்கும். அம்பாறை மாவட்ட 2012 எண்களைக் கொடுங்கள்: சோனகர் சுமார் 43 சதவீதம், சிங்களவர் சுமார் 39, இலங்கைத் தமிழர் சுமார் 17. தன் ஊரை வைத்துப் பெரும்பான்மை என்று நினைத்த பிள்ளை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கும்.

பல்லின சமூகம் என்றதும் வேடர் படத்துக்கு மகியங்கனைப் பக்கத்துத் தம்பானையைக் காட்டிவிடுகிறோம். வாகரைப் பக்கம் பால்சேனை, கதிரவெளியில் தமிழ் பேசும் கரையோர வேடர் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். பாடத்தில் சொல்லுங்கள், ஆனால் "இங்க யாரும் இருக்கிறீங்களா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்க வேண்டாம். அக்கரைப்பற்றுக்கு அருகே குறவர் சமூகம் வாழும் அளிக்கம்பைக்கும் அதே கவனம்.

தரவை:

எல்லாம் நல்லது. பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லையே? சாதாரண தரப் பரீட்சைக்கு விடை பாடநூல் சொல்லில்தானே வேண்டும்.

கரைவாகு:

தம்பி, எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். வருடத்தில் நாலைந்து பாடம்தான் சூடானவை. மற்றவற்றுக்கு நிமிடத்தையும் எழுவாயையும் பார்த்தால் போதும், மேலதிக நேரம் பிடிக்காது. சொல்லப்போனால் பரீட்சையில் அடிபடுவதும் இதனால்தான். நம் ஆசிரியர்கள் அவசரமாகக் கடக்கும் பௌத்த தலமான தீகவாபி, படம் குறிக்கும் வினாவில் வந்தால் பிள்ளை எங்கே குறிக்கும்? அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற இடம். மகாவம்சம் சொல்வது எது, கல்வெட்டும் அகழ்வும் காட்டுவது எது என்று பிரித்துப் படிப்பித்தால் யாருக்கும் சங்கடமில்லை.

எழுவான்கரை:

நன்றி. கேட்கத் தயங்கியதையும் கேட்கிறேன். 1990இல் இங்கு நடந்த படுகொலைகள் பாடநூலில் இல்லை. பிள்ளையே எழுப்பினால்?

படுவான்கரை:

காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை, சத்துருக்கொண்டான். ஒகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதத்துக்குள் நடந்தவை; முதல் இரண்டிலும் முஸ்லிம்கள், மற்ற இரண்டிலும் தமிழர் கொல்லப்பட்டார்கள். நான்கு பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஆசிரியர் தானாக அதைத் தொடங்க வேண்டாம். தன் பக்கத்து இரண்டு மட்டும்தான் வாயில் வரும், மற்ற இரண்டும் வராது என்பதே அடையாளம் வேலைசெய்கிற இடம். பிள்ளை எழுப்பினால் "ஓம், நடந்தது, ஆக்கள் கொல்லப்பட்டாங்க" என்று ஒப்புக்கொள்ளுங்கள். செய்தது ஆயுதக் குழு என்றால் ஆயுதக் குழு, படை என்றால் படை. சமூகத்தின் பெயர் எழுவாயாக வரக்கூடாது. பிள்ளையின் குடும்பம் பாதிக்கப்பட்டது என்று தெரிந்தால் பேச்சை அங்கே நிறுத்தி, பிறகு தனியே, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோடு.

"வீட்டில கேட்டு எழுதிக்கொண்டு வா" என்ற ஒப்படையை இதற்குக் கொடுக்கவே கூடாது. ஆறாத புண்ணை வீட்டில் தோண்டிவிட்டு ஆசிரியர் பாடசாலையில் இருப்பார். வாய்மொழி வரலாறு பழக்க வேண்டுமென்றால் 1978 நவம்பர் 23 சூறாவளி இருக்கிறது. அம்மம்மா, மூத்தம்மா, உம்மம்மா எல்லாரும் அந்த இரவைச் சொல்வார்கள். நான்கு கேள்வி போதும்: எந்த நேரம் கூரை போனது, எங்கே ஒதுங்கினீர்கள், அடுத்த நாள் யார் சோறு தந்தது, தென்னை எத்தனை நின்றது.