சின்ன அலையில பேடில் போர்டு ஓட்டுறவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம்ணே, மதுரை பக்கத்துல இருந்து கடலுக்குப் போறவங்க யாராச்சும் பதில் சொல்லுங்க. புதுசா காத்தடிச்சு உப்ப வைக்கிற பேடில் போர்டு (நின்னுக்கிட்டே துடுப்பு போட்டு ஓட்டுற பலகை) ஒன்னு வாங்கிருக்கேன், நீளம் 10 அடி 6 அங்குலம், அகலம் 32 அங்குலம், 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரைக்கும் காத்தடிக்கலாம். அரியமான் பீச்சுல பாக் விரிகுடா தண்ணி குளம் மாதிரி கெடந்துச்சு, அங்க நின்னு துடுப்பு போட அவ்வளவு சுகமா இருந்துச்சுண்ணே, சொல்லி மாளாது.

இப்ப மணப்பாடு பக்கம் முழங்கால் அளவு அலையில இறக்கிப் பாத்தேன். உள்ள போறப்ப பிரச்சனை இல்ல, போர்டு மூக்க நேரா அலைக்குக் காட்டுனா ஏறிருது, ஆனா திரும்பி அலையப் பிடிக்குறப்ப மூக்கு தண்ணிக்குள்ள குத்துது, சரின்னு ஒரு கால பின்னாடி வச்சா வேகம் செத்துருது அலை நம்மள விட்டுட்டுப் போயிருது. இது கால் வைக்கிற எடமா இல்ல இந்த மாதிரி நீளமான தட்டையான போர்டுக்கே இப்படித்தானா?

இன்னொன்னு, கூட வந்தது சுருள் லீஷ் (போர்ட நம்ம காலோட கட்டி வைக்கிற கயிறு). அலையில அது போர்ட நம்ம மேலயே இழுத்து அடிக்கும்னு சொல்றாங்க, நேரா இருக்குற லீஷ் மதுரையில எந்தக் கடையில கெடைக்கும்? போர்டுக்கு அடியில இருக்குற நடு ஃபின் (மீன் செதில் மாதிரி நிக்கிற தகடு) 9 அங்குலம், கரைக்கிட்ட மணல்ல தட்டுது, சின்னது மாத்தலாமா?

அடுத்த தடவ தம்பியும் வர்றான், நீச்சல் தெரியும் ஆனா கடல் அவனுக்குப் புதுசு, லைஃப் ஜாக்கெட் இல்லாம இறக்க மாட்டேன். அவனுக்கு எந்த மாசம் எந்தக் கரை நல்லதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்கண்ணே.