மறு: நரம்பு ‘மறுவளர்ச்சி’யா, ‘இழையோட்ட’மா?

வணக்கம் ஐயா,

வெட்டுப்பட்ட நரம்பின் இழைகள் மீண்டும் வளர்வதை (nerve regeneration) தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், ‘நரம்பு மறுவளர்ச்சி’யே போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். பினாங்குத் தம்பி ‘துளிர்ப்பு’ என்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

கை மாற்று அறுவையில் கொடையாளியின் கையோடு அவர் நரம்பும் வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் இழைகள் செத்துவிடும். காலிக் குழாய் மாதிரி உறைதான் மிஞ்சும். கையைப் பெற்றவரின் இழைகள் வெட்டுவாயிலிருந்து கிளம்பி அதற்குள் புகுந்து, நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீள்கின்றன. மேற்கையில் ஒட்டினால் விரல் நுனி வரை 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள்: 600 நாள். அதற்குள் உள்ளங்கைத் தசை வற்றிப்போகிறது. வளர்ச்சி இயக்குநீர் (growth hormone) பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. எலிகளிடம் செய்த ஆய்வுகளில் அது இழை வளர்வதைத் தூண்டியது, காத்துக்கிடக்கும் தசை வற்றுவதையும் குறைத்தது. மனிதருக்கு இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

நம் மலேசியாவின் செலாயாங் மருத்துவமனையில் 2000 மே மாதம் ஒரு பச்சிளங்குழந்தைக்கு, இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையை ஒட்டினார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பிஞ்சுக் கையில் இழை போகவேண்டிய தூரமும் கொஞ்சம்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘மறுவளர்ச்சி’ என்றால் பல்லி வால் மாதிரி முழு நரம்பும் முளைப்பதாகத் தோன்றுகிறது. ‘துளிர்ப்பு’ தலைகீழ். என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். அங்கே துளிர்ப்பது ஒட்டிய மொட்டு. இங்கேயோ அடிக்கட்டையிலிருந்து ஒட்டுக்குள் இழை ஓடுகிறது. ‘குரலில் சோகம் இழையோடியது’ என்று எழுதுகிறோமே, அதிலிருந்து ‘நரம்பிழையோட்டம்’, சுருக்கமாக ‘இழையோட்டம்’. இரத்த ஓட்டம் மாதிரி ஏதோ பாய்வதாக நினைக்கமாட்டார்களா என்பீர்கள். வேரோட்டம் என்கிறோம், வேர் நீள்வதாகத்தானே புரிந்துகொள்கிறோம்?

நான் மாட்டிக்கொண்டது அடுத்த சொல்லில். டாக்டர் நரம்பு போகும் வழியில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். எங்கே சுரீர் என்கிறதோ, அதுவரை இழை வந்திருக்கிறது. ஆனால் வந்த இழை தசையோடு இணைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனிச்சொல் வேண்டும். அப்பா மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, ஒட்டிய பட்டையை நகத்தால் லேசாகக் கீறுவார். பச்சை தெரிந்தால் ‘பிடிச்சிருச்சு’ என்பார். அதை வைத்து ‘நரம்புப்பிடிப்பு’ என்று எழுதி, இன்னும் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கும் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“எண்ணெய் போட்டு நீவுனா விட்ரும்யா” என்றார்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். இப்போதைக்கு ‘நரம்பேற்றம்’ என்று வைத்திருக்கிறேன், அது குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி இருக்கிறது. உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள் ஐயா.