மறு: நெட்வொர்க்கைப் பாத்துக்குற ஏஐ அசிஸ்டென்ட்டுக்குத் தமிழ்ல என்ன பேர்?

எல்லாருக்கும் வணக்கம்.

இழை நீண்டுக்கிட்டே போகுது, ஆனா இதுவரைக்கும் வந்த சொல்லெல்லாம் ஒரே இடத்துல போய் முட்டி நிக்குதுன்னு எனக்குத் தோணுது. நான் பொழப்புக்கு நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்ல, அதாவது நெட்வொர்க்கை ராப்பகலா கண்காணிக்கிற அறையில, இருக்குறவன், இந்த மாதிரி கருவியோட தினமும் மல்லுக்கட்டுறவன், அதனால அந்தப் பக்கத்துலேருந்து கொஞ்சம் சொல்றேன்.

> செயற்கை நுண்ணறிவு வழிப் பிணையக் கண்காணிப்பு மேலாண்மை உதவியாளர்

இழையில ஒரு ஐயா கொடுத்த இந்தச் சொல்லுல (பிணையம்னா நெட்வொர்க்) இலக்கணக் குத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லிங்க் விழுந்து கெடக்கும்போது போன்ல யாரு இதை முழுசா சொல்லி முடிப்பாங்க, "பாட் (அந்த ஏஐ கருவி) என்ன சொல்லுது"ன்னுதான் கேப்பாங்க. இன்னொண்ணு, உதவியாளர்ங்கறதுல வர்ற அந்த 'ர்' எனக்கு ஒட்டவே இல்ல. ஆளுக்கு ஷிஃப்ட் உண்டு, லீவ் உண்டு, மறுநாள் மீட்டிங்ல உக்காந்து ஏன் இப்படி ஆச்சுன்னு பதில் சொல்ற பொறுப்பு உண்டு, இதுக்கு அது ஒண்ணும் கெடையாது. கருவின்னா 'இ'ல முடிக்கிற வழக்கம் நம்மகிட்ட நல்லா வேரூன்றிடுச்சே: திசைவி (ரௌட்டர்), உலாவி (பிரவுசர்), செயலி (ஆப்), வருடி (ஸ்கேனர்). அதே தடத்துல போவோம்.

இந்த மாதிரி கருவிகளுக்கு இங்கிலீஷ்ல பொதுவா சொல்ற ஏஐஆப்ஸ் (AIOps)ங்கற சொல்லை எழுத்தெழுத்தா பெயர்க்கணும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம்ங்க. 2016 வாக்குல கார்ட்னர்ங்கற ஆய்வு நிறுவனம் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்கு விட்டப்போ அதுல இருந்த 'ஏ' அல்காரிதமிக், அப்புறம்தான் அதை ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. அவங்களே சட்டையை மாத்திக்கிட்ட சொல்லுக்கு நாம எதுக்கு அளவெடுத்துத் தைக்கணும். இத்தனைக்கும் இந்தத் துறை நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல, ஜோஹோ 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சப்போ பண்ணினதே நெட்வொர்க் மேனேஜ்மென்ட் மென்பொருள்தான், இன்னிக்கும் ஆப்மேனேஜர்னு அந்த வழியில வந்தது ஓடிக்கிட்டிருக்கு. சாமானை நம்ம ஊர்ல உக்காந்து செய்றாங்க, பேரு மட்டும் இல்ல.

சரி, முட்டி நிக்குற இடத்துக்கு வர்றேன். நாம எல்லாரும் ஒரே ஒரு சொல்லைத் தேடுறோம், ஆனா அங்க வேலை ரெண்டு.

முதல் வேலை பாக்குறது. ஒரு கட்டடத்துல 200 ஸ்விட்ச் (சாதனங்களை நெட்வொர்க்கோட சேக்குற பெட்டி) இருக்குன்னு வெச்சுக்குங்க, அதையெல்லாம் வெளியோட சேக்குற ஒரே ஒரு அப்லிங்க்கோட ஃபைபர் கெட்டுப்போச்சு. பழைய மானிட்டரிங் சாமான் என்ன பண்ணும், 200 ஸ்விட்ச்சும் செத்துப்போச்சுன்னு 200 மெயில் அடிக்கும், அதோட ஒவ்வொரு ஸ்விட்ச்ல தொங்குற வைஃபை ஆக்சஸ் பாயின்ட், ஐபி போன், கேமராவுக்கும் தனித்தனியா ஒப்பாரி வெக்கும். அதுக்குள்ள நிஜமான காரணம் எங்கயோ நடுவுல புதைஞ்சு கெடக்கும், அந்த போர்ட்ல ரெண்டு நாளா சிஆர்சி எர்ரர் (வழியில டேட்டா கெட்டுப்போறதுக்கான அடையாளம்) கொஞ்சங்கொஞ்சமா ஏறிக்கிட்டு இருந்ததையும் ஆப்டிக்கல் பவர், அதாவது ஃபைபர்ல வர்ற ஒளியோட பலம், இறங்கிக்கிட்டே வந்ததையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. இந்தப் புதுக் கருவி அதையெல்லாம் ஒண்ணா சேத்து, "எல்லாத்துக்கும் ஒரே காரணம், இந்த போர்ட்டைப் பாரு"ன்னு ஒரு வரியில சொல்லுது. சொல்லுது, அவ்ளோதான். தப்பா சொன்னா நமக்கு அரைமணி நேரம் வீண், வேற நஷ்டம் இல்ல.

ரெண்டாவது வேலை கை வெக்குறது. இங்கதான் வயித்தைக் கலக்கும். சிஸ்கோ ஸ்விட்ச்ல ஒரு ட்ரங்க் போர்ட்ல (பல விலானைச் சுமக்குற போர்ட்) ஏற்கெனவே பத்து விலான் போய்க்கிட்டிருக்கு, விலான்னா ஒரே நெட்வொர்க்குக்குள்ள தனித்தனியா பிரிச்ச பகுதி, புதுசா 30ஐச் சேக்கணும். "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 30"ன்னு அடிக்கணும். அந்த 'ஆட்' ஒண்ணு விட்டுப்போனா 30 மட்டும் நிக்கும், பாக்கிப் பத்தும் அந்த நொடியே காலி, அதுல நீங்க உள்ள வந்த மேனேஜ்மென்ட் விலானும் இருந்தா உங்க செஷனும் சேந்து போயிடும். இது மனுஷங்க காலங்காலமா பண்ற கோளாறு. ஏஐயோட மொழி மாடல் எழுதித்தர்ற கட்டளை பாக்க அத்தனை சுத்தமா இருக்கும், அதுல இந்த 'ஆட்' இருக்கா இல்லையான்னு தூக்கக்கலக்கத்துல படிக்கிறவன் கண்ணுக்குத் தட்டுப்படாது. இன்னொரு கம்பெனியான ஜூனிப்பர் பக்கம் 'கமிட் கன்ஃபர்ம்டு'ன்னு ஒரு கட்டளை இருக்கு, பத்து நிமிஷத்துக்குள்ள திரும்ப உறுதி பண்ணலன்னா தானா பழையபடி ஆயிடும், என்னைக் கேட்டா எந்த ஏஐ கருவிக்கும் அது இல்லாம ரைட் அக்சஸே (மாத்தி எழுதுற உரிமை) கொடுக்கக் கூடாது.

ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு ஃபேஸ்புக் கதை போதும். 2021 அக்டோபர் 4. வழக்கமான பராமரிப்பு நேரத்துல முதுகெலும்பு நெட்வொர்க்கோட கொள்ளளவைப் பாக்கறதுக்குன்னு ஒரு கட்டளை கொடுத்தாங்க, அது அத்தனை இணைப்பையும் அறுத்துவிட்டுடுச்சு. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்கறதுக்குன்னு வெச்சிருந்த தணிக்கைக் கருவியிலயே ஒரு பக் இருந்ததால அதுவும் தடுக்கல. அடுத்தது தான் நமக்கு வேணுங்கறது: தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்தித்தர்ற அவங்களோட டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி உண்டு, டேட்டா சென்டரோட பேச முடியலன்னா "நான் சரியில்ல"ன்னு முடிவு கட்டி தன்னோட பிஜிபி அறிவிப்பை, அதாவது "எனக்கு வழி இது"ன்னு மத்த நெட்வொர்க்குகளுக்குச் சொல்றதை, தானே திரும்ப வாங்கிக்கும். அன்னிக்கு எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல அப்படி வாங்கிக்கிச்சு. சர்வர் உயிரோடதான் இருக்கு, ஆனா உலகத்துல யாருக்கும் அதுக்கு வழி தெரியல. ஆறு மணி நேரத்துக்கு மேல போச்சு, உள்வேலைக் கருவிகளும் சேந்து படுத்ததால ஆளை நேர்ல அனுப்ப வேண்டியதாச்சு. அதுல ஏஐயே கெடையாது, வெறும் விதிதான். பாத்தது சரி, டேட்டா சென்டர் நிஜமாவே எட்டல. பாத்ததை வெச்சுக்கிட்டு கை வெச்சதுதான் வினை.

இழையில ஒருத்தர் கிண்டலா 'பிணையத் தலையாரி'ன்னு போட்டிருந்தார், சிரிச்சேன், ஆனா அதுல விஷயம் இருக்கு. அந்தக் காலத்துல ஊர்க்காவலுக்கு இருந்த தலையாரி ஊரைச் சுத்திட்டு வந்து கிராம முன்சீப்கிட்ட சொல்லுவார், அவரா போய் கணக்கைத் திருத்த மாட்டார்.

அதனால என்னோட முன்மொழிவு: பாத்து, சேத்து வெச்சு, காரணம் சொல்றது *பிணைய நோக்கி*. கன்ஃபிகரேஷன்ல (நெட்வொர்க் சாதனத்தோட அமைப்புகள்ல) கை வெக்க உரிமை உள்ளது *பிணையக் கையாளி*. ரெண்டு வேலையும் பண்ற பொருள் ஒண்ணு வந்தா அதைக் கையாளின்னே சொல்லுவோம், ஆபத்து எந்தப் பக்கமோ பேரும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

நுண்ணோக்கி, தொலைநோக்கியெல்லாம் இருக்குறதால நோக்கிக்கு விளக்கம் வேண்டாம். கேள்வியா கேக்கும்போது "நோக்கியா?"ன்னு வரும், அந்தக் கம்பெனியும் ரௌட்டர் விக்கிறாங்கதான், போகட்டும். 'கண்காணி' இதைவிட இயல்பான சொல்தான், 'இ' விதிக்கும் கச்சிதம், ஆனா இலங்கை மலையகத்துலயும் மலேசியாவுலயும் இருக்குற நம்ம ஆளுங்க காதுல அது கங்காணின்னுதான் (தோட்டத்துல கூலியாட்களை வேலை வாங்கின மேஸ்திரி) விழும், தோட்டத்துக் கங்காணி பேரை எந்தக் கருவிக்கும் வெக்க எனக்கு மனசு வரல. 'காவலன்' வேண்டாம், அது செக்யூரிட்டி டீமோட எல்லை, நம்மளோடது நெட்வொர்க் ஓடுதா இல்லையாங்கறது. 'பிணையப் பேணி' எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது, அதுக்குள்ள யாழ்ப்பாணத்து நண்பர் மூக்குப்பேணின்னு (அவங்க ஊர்ல தண்ணி குடிக்கிற, மூக்கு வெச்ச பாத்திரம்) ஒரே வார்த்தையில கவுத்துட்டார்.

கையாளின்னா 'கையாள்' ஞாபகம் வருது, எடுபிடி மாதிரி இருக்குன்னு யாராவது சொல்லுவீங்க. வரட்டுமே. சொன்னதைச் செய்யணும், சொல்லாததைச் செய்யக் கூடாது, எடுபிடி கிட்ட நாம எதிர்பாக்குறது அதைத்தானே.

வலையா பிணையமாங்கற சண்டைக்குள்ள நான் போகல. 'வலைநோக்கி'ன்னா பிரவுசர்னு நெனைச்சுடுவாங்க, அதுக்காக மட்டும் பிணையம். இலங்கையில வலையமைப்புன்னு எழுதுறவங்க வலையமைப்பு நோக்கி, வலையமைப்புக் கையாளின்னு எழுதிக்கலாம், பின்பாதி ஒண்ணா இருந்தா போதும்.

டிக்கெட்ல (கோளாறைப் பதிவு பண்ற சீட்டு) எழுதிப் பாத்தேன், உக்காருது: "பிணைய நோக்கி காட்டிய காரணம்: அப்லிங்க் போர்ட்ல சிஆர்சி பிழை. பிணையக் கையாளி பரிந்துரைத்த மாற்றம்: போர்ட்டை மூடித் திறக்கவும். ஒப்புதல்: ஷிஃப்ட் பொறியாளர்."

மாட்டுறது ஒண்ணே ஒண்ணு. இந்த நோக்கி முதல் சில வாரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்து, இந்த ஆபீஸ்ல திங்கக்கிழமை காலையில இவ்ளோ ட்ராஃபிக் சகஜம், ராத்திரி பேக்கப் ஓடும்போது இவ்ளோ சகஜம்னு ஒரு கணக்கு எடுத்துக்குமே, பேஸ்லைன், அதுக்கு 'அடிக்கோடு'ன்னு போட்டா அண்டர்லைன் ஆயிடுது. 'இயல்பளவு'ன்னு எழுதிக்கிட்டிருக்கேன், இதைவிட நல்லது இருந்தா சொல்லுங்க.