ஒரே கல்ச்சர், 12 குழாய். ஒரு தட்டில் 0, இன்னொன்றில் 142. பிப்பெட் தவறா?

தட்டெண்ணி:
ஈ. கோலை கே-12 பாக்டீரியாவில் ரிஃபாம்பிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு எதிர்ப்பு என்ன வீதத்தில் தோன்றுகிறது என்று அளக்கும் சோதனை. இரவு முழுக்க வளர்ந்த கல்ச்சரை நன்றாக நீர்த்து, 12 குழாய்களில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,000 செல் போட்டது. குழாய்க்கு 0.2 மி.லி. எல்.பி. வளர்ப்புத் திரவம், 37 டிகிரியில் 24 மணி நேரம் குலுக்கல். பிறகு ஒவ்வொரு குழாயையும் மிச்சமில்லாமல், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் கலந்த அகார் தட்டில் பரப்பி, 48 மணி நேரத்தில் எண்ணியது:

3, 0, 7, 11, 4, 142, 5, 9, 2, 6, 18, 1

மருந்தில்லாத தட்டில் எண்ணியபடி ஒரு குழாயில் மொத்தம் 5 × 10⁸ செல்.

142-ஐ விட்டுவிட்டால் சராசரி 6 வருகிறது. அதை 5 × 10⁸-ஆல் வகுத்தால் 1.2 × 10⁻⁸. இதையே வீதம் என்று எழுதலாமா? இன்னொன்று: 72 மணி நேரத்தில் சில தட்டுகளில் குண்டூசித் தலை அளவில் புதிய காலனிகள் தெரிகின்றன. அவற்றையும் எண்ண வேண்டுமா?

மடக்கை:
142-ஐத் தூக்கி எறியாதீர்கள். இந்தச் சோதனை எதற்காகச் செய்யப்படுகிறதோ, அதற்கான விடையே அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

மருந்து பட்ட பிறகுதான் செல்கள் மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தட்டிலும் செல் எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே காலனிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரவேண்டும், விலக்க வர்க்கச் சராசரி (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சராசரிக்குச் சமமாக நிற்க வேண்டும். உங்கள் எண்களில் சராசரி 17.3, விலக்க வர்க்கச் சராசரி 1,566. தொண்ணூறு மடங்கு! குழாயில் வளரும்போதே, மருந்தைப் பார்க்காமலே, திடீர்மாற்றம் நடந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-ல் ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) எதிர்ப்பை வைத்துக் காட்டியது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 செல் 5 × 10⁸ ஆக ஏறத்தாழ 19 முறை இரட்டிக்க வேண்டும். 12-வது இரட்டிப்பு முடிந்த கட்டத்தில் ஒரு செல் மாறினால், மீதி 7 இரட்டிப்பில் அதன் வாரிசுகள் 128. பின்னால் தோன்றிய சிலரையும் சேர்த்தால் 142. அந்தக் கட்டத்தில் குழாயில் சுமார் 40 லட்சம் செல்தான் இருக்கும். அதற்குள் மாற்றம் விழ, நூறு குழாயில் இரண்டில்தான் வாய்ப்பு. பன்னிரண்டு குழாய் என்றால், சோதனையை நான்கைந்து முறை செய்தால் ஒரு முறை இப்படி ஒரு தட்டு வரும். அதிசயமும் இல்லை, பிழையும் இல்லை.

வீதத்துக்கு வருவோம். சராசரி இங்கே உதவாது. ஒரு குழாய் அதை எங்கோ இழுத்துப்போய்விடும். இடைநிலை அளவை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுங்கள்: 5.5. லீ–கோல்சன் சமன்பாடு: (இடைநிலை ÷ மீ) − மீ-யின் இயல் மடக்கை = 1.24. மீ என்பது ஒரு குழாயில் நடந்த மாற்ற நிகழ்வுகளின் எண்ணிக்கை. எண்களைப் போட்டுத் தேடினால் மீ = 2.53. அதை 5 × 10⁸-ஆல் வகுத்தால் 5.1 × 10⁻⁹. உங்கள் 1.2 × 10⁻⁸ இதைப்போல கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. காரணம், நீங்கள் எண்ணியது பிழைத்த செல்களை. வீதத்துக்கு வேண்டியது நிகழ்வுகள்.

குளிர்பெட்டி:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிப்பெட் தவறு இல்லை என்று எண்களைக் கொண்டே நிரூபிக்க ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். 5 மி.லி. கல்ச்சர் ஒன்றை வளர்த்து, அதிலிருந்தே 0.2 மி.லி. வீதம் பத்துத் தட்டு போடுங்கள். 14, 19, 11, 16, 21, 12, 15, 9, 18, 15 என்பதுபோல வந்தால் சராசரி 15, விலக்க வர்க்கச் சராசரி 13.8, உங்கள் கை சுத்தம். இதிலும் எண்கள் தாறுமாறாகச் சிதறினால் பரப்புவதில்தான் கோளாறு: பெரும்பாலும் அகார் ஈரம் காயாமல் இருக்கும், அல்லது பரப்பும் கண்ணாடிக் கம்பி சூடு ஆறாமல் இருந்திருக்கும்.

எல்லாக் குழாயிலும் நூற்றுக்கணக்கில் வந்தால் அது வேறு நோய். ஆரம்பத்தில் போட்ட செல்களிலேயே மாறியவை கலந்திருந்தன. பத்து லட்சம், ஒரு கோடி என்று போடும்போது நடப்பது இது. நீங்கள் 1,000-த்தோடு நிறுத்தியது சரி.

பூஜ்ஜியத் தட்டு முறையிலும் (காலனியே வராத தட்டுகளின் பங்கிலிருந்து மீ-யைக் கணக்கிடுவது) ஒரு கண் வையுங்கள். உங்களுக்கு 12-ல் 1. 12-ன் இயல் மடக்கை 2.48. இடைநிலை முறையோடு ஒட்டிப்போனது தற்செயல்தான். இன்னும் ஒரு தட்டு பூஜ்ஜியமாகியிருந்தால் 1.79 ஆகியிருக்கும். பூஜ்ஜியத் தட்டுகள் மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கும் கீழே போனால் அந்த முறையை விட்டுவிடுவது நல்லது.

ஆர்போபி:
72 மணி நேரக் காலனிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எண்ணும் நேரத்தை முதலிலேயே முடிவு செய்து, எல்லாத் தட்டுக்கும் அதையே வையுங்கள். 48 என்றால் 48. தாமதமாக வந்தவற்றைக் கணக்கில் சேர்க்காமல், தனியாகச் சோதியுங்கள்.

அவை மூன்று வகையாக இருக்கலாம். ரிஃபாம்பிசின் ஆர்.என்.ஏ. பாலிமரேசின் பீட்டா துணை அலகில் ஒட்டுகிறது. அதன் மரபணு ஆர்போபி. அதில் எதிர்ப்புத் தரும் இடமாற்றங்கள் 70-க்கு மேல் உண்டு, பெரும்பாலானவை 507 முதல் 533 வரையிலான அமினோ அமிலப் பகுதியில். சில மாற்றங்கள் எதிர்ப்பைத் தந்தாலும் பாலிமரேசின் வேகத்தைக் குறைக்கும். அந்தச் செல்கள் குழாயிலேயே பிறந்திருந்தாலும் காலனி தாமதமாகத்தான் கண்ணில் படும். இரண்டாவது வகை தட்டின் மேலேயே பிறந்தவை. மூன்றாவது, எதிர்ப்பே இல்லாதவை: ரிஃபாம்பிசின் வெளிச்சத்தில் கெடும், பழைய தட்டில் மருந்து நலிந்திருக்கும்.

பிரித்தறிய, காலனியை எடுத்து மருந்தில்லாத தட்டில் ஒரு முறை கோடிழுங்கள். அங்கிருந்து புதிதாக ஊற்றிய மருந்துத் தட்டுக்கு மாற்றுங்கள். புதிய தட்டில் வளராவிட்டால் மூன்றாவது வகை. மருந்தில்லாத தட்டிலும் மெதுவாக வளர்ந்தால் முதல் வகை. இரண்டிலும் நன்றாக வளர்ந்தால் தட்டில் பிறந்தது என்று சந்தேகிக்கலாம்.

142 வந்த தட்டில் ஐந்து காலனியை எடுத்து ஆர்போபி வரிசையைப் படியுங்கள். அநேகமாக ஐந்திலும் ஒரே எழுத்து மாறியிருக்கும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மற்றத் தட்டுகளில் ஆளுக்கொரு மாற்றம். எந்தெந்த மாற்றங்கள் வருகின்றன என்று பட்டியல் போடுவதானால் குழாய்க்கு ஒரு காலனிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தட்டெண்ணி:
நன்றி. 142 உள்ளே வந்துவிட்டது. இதே திட்டத்தை ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அப்படியே பயன்படுத்தலாமா?

ஆர்போபி:
அப்படியே முடியாது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு ஆர்பிஎஸ்எல் மரபணுவில் சில இடங்கள்தான் இலக்கு. வீதம் பத்து மடங்குக்கும் மேல் குறையும். 0.2 மி.லி. குழாய்களில் பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் பார்ப்பீர்கள், கல்ச்சரைப் பெரிதாக்க வேண்டும். கூடவே, ஒரே செல்லில் பழைய மரபணுப் படியும் புதியதும் இருந்தால் பழையதுதான் மேலோங்கும். வேகமாக வளரும் செல்லில் குரோமோசோம் படிகள் பல இருப்பதால், கடைசிச் சில பிரிவுகளில் மாறியவை மருந்தில் செத்துவிடும். எண்ணிக்கை குறைவாகவே தெரியும். ரிஃபாம்பிசினிலும் இது ஓரளவு உண்டு.

சிப்ரோவில் பிரச்சினை செறிவு. ரிஃபாம்பிசினில் ஒரே மாற்றம் ஒரேயடியாக உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். 100-க்குப் பதில் 80 போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. சிப்ரோவில் படிப்படியாகத்தான் ஏறும்: முதலில் ஜைர்ஏ மரபணுவில் 83-வது அமினோ அமிலமான செரீன், பிறகு பார்சி என்ற மரபணு. தட்டின் செறிவு முதல் படியைத் தாண்டிவிட்டால் காலனியே வராது.

மடக்கை:
சிப்ரோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது டி.என்.ஏ.வை உடைத்து எஸ்ஓஎஸ் எதிர்வினையை (செல்லின் அவசரகாலப் பழுதுபார்ப்பு) கிளப்பும். அதை அடக்கி வைத்திருக்கும் லெக்ஸ்ஏ புரதம் வெட்டுப்பட்டு, தவறு செய்யும் பாலிமரேஸ்கள் வேலைக்கு இறங்கும். அங்கே மருந்து மாற்றத்தின் வீதத்தையே கூட்டுகிறது, எந்த மாற்றம் என்று தேர்ந்து தருவதில்லை. ஆகவே சிப்ரோ தட்டில் தாமதமாக வரும் காலனிகளை ரிஃபாம்பிசின் காலனிகள் மாதிரி நினைத்து வீதம் கணக்கிட்டால் விடை தப்பாகும்.

குளிர்பெட்டி:
எண்ணி முடித்த தட்டுகளை மேசையில் அடுக்கி வைக்க வேண்டாம். 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ், பிறகு குப்பை.